கரடி என்ன தின்கிறது? மக்கள் நிதியில் நடக்கும் காட்டாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியின் கிழக்குச் சரிவில் கரடிகள் ஓராண்டு முழுவதும் என்னென்ன தின்கின்றன என்று கண்டறியும் வேலையை நாங்கள் நான்கு பேர் செய்துவருகிறோம். வன உயிரியல் படித்த ஓர் ஆய்வாளர், காட்டை உள்ளங்கைபோல் அறிந்த குறும்பர் பழங்குடிப் பெரியவர் ஒருவர், அவருடைய ஊர் இளைஞர் ஒருவர், கணக்கையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்டு மாலையில் கரடியின் எச்சத்தை (கழிவை) அலசிப் பார்க்க உட்காரும் நான். செலவை முழுவதும் பொதுமக்கள் கொடுத்த சிறு தொகைகளே தாங்கின. முதலாண்டு முடிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டுக்காக மறுபடியும் உங்களிடம் வருகிறோம். கடிதத்திலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கரடி தேனும் கறையானும் தின்னும் என்பது குழந்தைக்கும் தெரியும். இதற்கு ஓர் ஆய்வா?

தெரிந்த விஷயம்தான். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். அகநானூற்றின் 15ஆம் பாட்டில், உதிர்ந்த இலுப்பைப் பூவைத் தின்ற கரடிக் கூட்டம் அடுத்துக் கொன்றையின் குழல் போன்ற பழத்தைக் கோதுகிறது. எட்டாம் பாட்டில் பெரிய கையுடைய ஆண் கரடி ஈசல் புற்றைப் பறித்துக் குரும்பியை (புற்றாஞ்சோற்றை) தின்கிறது. அதன் நகம் பட்டுப் புற்றுக்குள் இருந்த பாம்பு வலிமை இழக்கிறது. கரடியை அன்று எண்கு என்றார்கள். இந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் காட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொன்றைப் பழம் இன்றும் முதுமலைக் கரடியின் முக்கிய உணவுகளில் ஒன்று. 1997இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்த முதுமலை ஆய்வு அதைக் காட்டுகிறது.

எங்களுக்குத் தெரியாதது வேறு. எந்த மாதத்தில் எது, எவ்வளவு, எந்தச் சரிவில்? காட்டில் பழம் குறையும் வாரத்தில்தான் ஊருக்குள் வருகிறதா, அல்லது பழம் இருக்கும்போதும் கோயிலிலும் கடையிலும் உள்ள எண்ணெயின் வாசத்துக்கு வருகிறதா? இந்த இரண்டில் எது உண்மை என்பதைப் பொறுத்து ஊர் செய்ய வேண்டிய வேலையே மாறிவிடும். பழம் இல்லாததுதான் காரணம் என்றால் காட்டைச் சரிசெய்ய வேண்டும். எண்ணெய்தான் காரணம் என்றால் கதவைச் சரிசெய்ய வேண்டும். ஊகத்தை வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

சரி, நம் கரடி என்னதான் தின்கிறது?

உலகில் உள்ள எட்டு வகைக் கரடிகளில் பூச்சி தின்பதற்கென்றே உடலமைப்புப் பெற்றது நம் கரடி ஒன்றுதான். மேல் தாடையின் நடுவே இரண்டு வெட்டுப்பற்கள் கிடையாது. அந்த இடைவெளி ஒரு குழாய்போல உதவுகிறது. உதட்டைக் குவித்து நீட்டும். நாசித் துளைகளை வேண்டும்போது மூடிக்கொள்ளும். புற்றை நீண்ட நகத்தால் தோண்டியதும் முதலில் 'பூ' என்று ஊதி மண்ணைத் தள்ளும். பிறகு கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் இதை முதன்முதலில் விவரித்தபோது, அந்த நகங்களைப் பார்த்து இதைத் தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கி வாழும் 'ஸ்லாத்' என்ற விலங்கின் இனத்தோடு சேர்த்துவிட்டார். ஆங்கிலத்தில் இன்றும் 'ஸ்லாத் பேர்' என்று அந்தப் பிழையான பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கரடி' என்ற நம் சொல் எவ்வளவோ மேல்.

ஒரு காலை பெரியவர் என்னை ஒரு புற்றின் அருகே உட்காரவைத்தார். புற்றின் அடியில் கைமுட்டி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வாயில் ஈரமண் விசிறிபோல ஒரு பக்கமாகச் சிதறிக் கிடந்தது. "இது தோண்டிய மண் இல்லை அம்மா, ஊதிய மண்" என்றார். தோண்டிய மண் கட்டியாக விழும். ஊதியது பொடியாகப் பரவும். அதற்கு முன் நூறு புற்றுகளைக் கடந்து போயிருப்பேன். ஒன்றில்கூட இதைக் கவனித்ததில்லை.

கறையானும் எறும்பும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். பழங்களுக்கு மாதம் உண்டு. பனிக்காலத்தில் இலந்தை, கோடையில் கொன்றை, மழை தொடங்கும்போது நாவல், இவற்றோடு நறுவிலியும் அத்தியும். ஆனால் எல்லாக் காட்டுக் கரடிக்கும் ஒரே இலை போட முடியாது. நேபாளத்தின் சித்வனில் ஜோஷி, கார்ஷெலிஸ், ஸ்மித் ஆகியோர் செய்த புகழ்பெற்ற ஆய்வில் கறையானே மேலோங்கி நின்றது. மத்திய இந்தியாவில் இலுப்பைப் பூ விழும் நாட்களில் கரடி அதை விட்டு நகராது. இலங்கையின் யால காட்டில் பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலையில் கரடி மரத்திலேயே குடியிருக்கும். ஆகவே சித்வன் கணக்கை எடுத்து வந்து கோத்தகிரியில் பொருத்தினால் பொருந்தாது. இங்கே தேயிலைத் தோட்டமும் சோலையும் பலாத்தோப்பும் ஊரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. இங்குள்ள கரடியின் உணவை இங்குதான் பார்க்க வேண்டும்.

எச்சத்தைப் பார்த்து எப்படி உணவைக் கண்டுபிடிக்கிறீர்கள்?

ஒவ்வொரு மாதமும் அதே பாதைகளில் நடக்கிறோம். எச்சம் கண்ட இடத்தின் அமைவிடம், தேதி, அருகிலுள்ள மரங்கள், எவ்வளவு பழையது என்ற மதிப்பீடு எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறோம். ஒரு பகுதியைக் காகிதப் பையில் எடுத்துவந்து உலர்த்துகிறோம். பிறகு கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு கழுவுகிறோம். புழு முட்டைகள் இருக்கும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

கழுவும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் பணம் போய்ச் சேருவது இங்கேதான். ஒரு வாளித் தண்ணீரில் எச்சத்தை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஒரு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் ஊற்றிக் குழாயடியில் மெல்ல அலச வேண்டும். முதலில் மண் போகும். கறையான் தின்ற கரடியின் எச்சத்தில் பாதி மண்தான். தண்ணீர் தெளிந்ததும் தங்கியதை வெள்ளைத் தட்டில் பரப்புவோம். நொய்யரிசிபோலத் தேன்நிறத்தில் கிடப்பவை கறையான் தலைகள். போர்வீரக் கறையானின் தலை என்றால் இரண்டு தாடைகளும் முறியாமல் இருக்கும். கறுப்பாக மினுங்குபவை எறும்புத் தலைகள். தட்டையாக, மெருகேற்றிய பழுப்பு நிறத்தில் இருப்பது கொன்றை விதை. ஈரத்தில் அது பளபளக்கும்போது சோழிபோல அழகாக இருக்கும். இலந்தைக் கொட்டை கரடுமுரடாகக் கையில் தட்டுப்படும். சில நாள் மெழுகுத் துணுக்கு, அப்படியென்றால் தேன். ஒருநாள் பாதியாக மடிந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்தது. அலசி விரித்துப் பார்த்தால் நெய் பாக்கெட்டின் மூலை. அன்று மாலை நாங்கள் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

பிரித்ததை எண்ணி, எடை பார்த்து, மாதவாரியாக எழுதுகிறோம். எந்த விதை எந்த மரத்துடையது என்று ஒப்பிட, முன்கூட்டியே காட்டிலிருந்து சேகரித்துச் சிறு கண்ணாடிப் புட்டிகளில் வைத்திருக்கிறோம். அந்தப் புட்டிகளில் பாதிக்கு மேல் பெரியவரின் கையெழுத்தில்தான் பெயர் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த பெயர்களில் சிலவற்றுக்கு எங்கள் புத்தகங்களில் இணை இல்லை.

இந்த முறையில் குறைகள் இல்லையா?

உண்டு. தேனும் மென்மையான புழுக்களும் செரித்துப் போய்விடும், எச்சத்தில் தடம் விடாது. விதையும் ஓடும் அப்படியே வெளியே வரும். ஆகவே எச்சத்தில் நிறையத் தெரிவது நிறையத் தின்றது என்று ஆகாது. ஒவ்வொரு உணவுக்கும் திருத்தக் கணக்குப் போட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். மரபணு முறையில் எச்சத்திலுள்ள எல்லா உயிரினங்களையும் ஒரே சோதனையில் படிக்கலாம். ஆனால் அதற்கான ஆய்வகச் செலவு எங்கள் கைக்கு எட்டாது. மேலும், எறும்புத் தலைகளை எண்ணுவதற்கு இன்னும் மாற்று வரவில்லை என்றே நினைக்கிறேன். மரபணு 'இருக்கிறது' என்று சொல்லும். எத்தனை என்று உறுதியாகச் சொல்லாது.

அரசோ பல்கலைக்கழகமோ பணம் தராதா? ஏன் மக்களிடம் வருகிறீர்கள்?

புலிக்கு 1973இலும் யானைக்கு 1992இலும் தேசியத் திட்டங்கள் வந்தன. கரடிக்கு நெடுங்காலம் அந்த அளவில் ஒரு திட்டம் இல்லை. 2012இல் இந்தியக் கரடிகளுக்கென ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிடப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் புலிக்காடு அல்லாத ஒரு தேயிலைச் சரிவில் பன்னிரண்டு மாதம் எச்சம் பொறுக்குவதற்கு நிதி கேட்டால், 'இதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்ற கேள்விதான் முதலில் வரும். நாங்கள் விண்ணப்பித்த ஒரு நிதி நிறுவனம் கழுத்துப்பட்டை ரேடியோக் கருவி சேர்த்தால் பார்க்கலாம் என்றது. கரடியை மயக்கிப் பிடித்துப் பட்டை கட்டும் தேவை எங்கள் கேள்விக்கு இல்லை. தேவையில்லாமல் ஒரு விலங்கை மயக்க மருந்துக்கு உட்படுத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

வெளியில் சில நல்ல வாசல்கள் இருக்கின்றன. பிரிட்டனின் ரஃபோர்டு அறக்கட்டளையும் கரடி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமும் சிறு ஆய்வுகளுக்கு நிதி தருகின்றன. இளைஞர்கள் அங்கும் கண்டிப்பாக முயலட்டும். ஆனால் எங்களுடையதுபோல் நீண்ட, மெதுவான, புகைப்படத்துக்கு ஏற்ற கணமே இல்லாத வேலைக்குச் சிறு தொகைகளே இயல்பாகப் பொருந்துகின்றன என்பது என் அனுபவம். மாதம் நூறு ரூபாய் தருபவர் அடுத்த மாதமே கண்டுபிடிப்பு கேட்பதில்லை. 'இந்த மாதம் என்ன வந்தது?' என்றுதான் கேட்கிறார். அந்தக் கேள்வி எங்களை ஒழுங்காக வைத்திருக்கிறது.

பணம் எதற்கெல்லாம் செலவாகிறது?

இரண்டாம் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வேண்டும். அதில் 3,60,000 பெரியவருக்கும் இளைஞருக்கும் சம்பளம், ஆளுக்கு மாதம் 15,000. இது அதிகம் என்று ஒருவர் கடிந்து எழுதினார். எனக்கு இது குறைவு என்றே படுகிறது. அவர்கள் இல்லாமல் இந்த ஆய்வில் ஒரு எச்சம்கூடக் கிடைக்காது. கரடி அருகில் இருப்பதை எங்கள் மூவருக்கும் முன்னால் உணர்பவர் பெரியவர்தான். வண்டி வாடகைக்கும் பெட்ரோலுக்கும் 90,000. மூன்று தானியங்கி கேமராக்கள், பூட்டோடும் பெட்டியோடும், 75,000. மருத்துவக் காப்பீடும் முதலுதவியும் 45,000. மீதி 30,000 சல்லடை, புட்டி, கையுறை, தமிழில் அறிக்கை அச்சிடுதல். ஆய்வாளரும் நானும் இதிலிருந்து எதுவும் எடுத்துக்கொள்வதில்லை. அப்படி எடுத்துக்கொள்வது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆய்வாளரும் சாப்பிட வேண்டும். எங்கள் இருவருக்கும் வேறு வருமானம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரசீதுகளோடு கணக்கு அனுப்புகிறோம்.

பணம் யார் கணக்குக்குப் போகிறது? வரிச்சலுகை உண்டா?

தனிநபர் கணக்குக்கு அல்ல. பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளையின் கணக்குக்கு. ரசீதில் அதன் பதிவு எண் இருக்கும். யாருக்கு நன்கொடை கொடுத்தாலும் இதை முதலில் பாருங்கள். 80ஜி என்று பரவலாக அறியப்படும் வரிச்சலுகை, அறக்கட்டளை அதற்கான ஒப்புதல் பெற்றிருந்தால் மட்டுமே கிடைக்கும். நீங்கள் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடைக்காது.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அனுப்பலாமா?

உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்தது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. அதைப் பெற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் முதலில் வர வேண்டும். பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. சென்ற ஆண்டு மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் அன்போடு வந்த தொகைகளை வாங்காமல் திருப்பினோம். மனம் வலித்தது, ஆனால் வேறு வழியில்லை. நிதி திரட்டும் இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். 'நண்பர்தானே அனுப்பினார்' என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

இலக்குத் தொகை சேராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

திரட்டும் முறையைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்ட் தளம் ஆய்வுகளுக்கென்றே இருப்பது. அங்கே குறித்த தொகை குறித்த நாளுக்குள் சேர்ந்தால்தான் நன்கொடையாளரிடமிருந்து பணம் எடுக்கப்படும்; சேராவிட்டால் எதுவும் எடுக்கப்படாது. இந்தியாவில் மிலாப், கேட்டோ போன்ற தளங்களில் பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கான வேண்டுகோள்களே நிறைந்திருக்கின்றன. ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்குப் பக்கத்தில் கரடி எச்சத்தை வைத்துப் பணம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் கடிதம், தெரிந்தவர்கள், பள்ளிக் கூட்டங்கள் என்று நேராகவே கேட்கிறோம். எங்களிடம் விதி இதுதான்: மூன்று மாதத்துக்கான தொகை கையில் இல்லாமல் அந்தக் காலாண்டின் களப்பணி தொடங்காது. வேலையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தால் மீதியைக் கொடுத்தவர்களுக்கே திருப்புவோம்.

நன்கொடைக்கு நினைவுப் பொருள் ஏதாவது தருவீர்களா? கரடி முடி கிடைக்குமா?

தர மாட்டோம். கரடி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதன் முடி, நகம், பல் எதையும் கொடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கொடுத்தவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். அந்த மாதம் தட்டில் என்ன விழுந்தது என்று அதில் எழுதுவேன்.

நாங்கள் களத்துக்கு வரலாமா? இடத்தையாவது சொல்லுங்கள்.

வர முடியாது. எங்களுக்குக் கிடைத்திருப்பது வனத்துறையின் ஆய்வு அனுமதி. அதில் யார் யார் போகலாம் என்று பெயர் இருக்கிறது. அந்த அனுமதிக்காக ஏழு மாதம் காத்திருந்தோம், ஆகவே அதை எந்த ஆசைக்காகவும் பணயம் வைக்க மாட்டோம்.

இடத்தைச் சொல்லாததற்குக் காரணம் கரடி. குட்டி போட்ட தாய் குகையிலோ பாறை இடுக்கிலோ பல வாரம் கிடக்கும். பிறகு குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அலையும். அந்தக் காட்சியைப் படமெடுக்க நான்கு பேர் போய் நின்றால், காயப்படுவது அந்த நால்வராகவும் இருக்கலாம், குட்டிகளாகவும் இருக்கலாம். கேமராப் படங்களைக்கூடப் பின்னணி தெரியாதபடி வெட்டித்தான் கடிதத்தில் வைக்கிறேன்.

ஆளைத் தாக்கும் விலங்குக்கு ஏன் பணம் தர வேண்டும்? தாக்கப்பட்டவர்களுக்குத் தாருங்களேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கோபத்தோடு கேட்டார். அவருடைய உறவினர் ஒருவர் முகத்தில் தையல்களோடு இருக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. கரடி தாக்கினால் முகத்தையும் தலையையும்தான் பெரும்பாலும் குறிவைக்கும். பிழைத்தவரும் வாழ்நாள் முழுவதும் அந்தத் தழும்போடு இருக்க வேண்டும். இழப்பீடு விரைவாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. முதலாண்டில் இரண்டு குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம்.

ஆனால் கரடி மனிதனைத் தின்பதற்காகத் தாக்குவதில்லை. புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதற்குச் சுற்றிலும் நடப்பது காதில் விழாது. கண்பார்வையும் கூர்மையில்லை. திடீரென்று பத்தடியில் ஆளைக் கண்டால் ஓடுவதைவிடப் பாய்வதையே அது தேர்ந்தெடுக்கும். புலியும் சிறுத்தையும் உள்ள காட்டில் அதற்குப் பழகிய தற்காப்பு அது. அப்படியானால் அது எந்த மாதத்தில், எந்த மரத்தடியில், எந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கும் என்று தெரிந்துகொள்வது விறகுக்கும் கொழுந்துக்கும் போகிறவர்களுக்கு மிக நேரடியாக உதவும். முதலாண்டின் முடிவில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகள் உள்ள நான்கு இடங்களில் மாதவாரிப் பட்டியல் ஒட்டினோம். எந்தப் பாதையில் எந்த மரம் எப்போது பழுக்கும், அந்த நாட்களில் விடியலுக்கு முன் அந்த வழியாகத் தனியே போக வேண்டாம் என்று அதில் இருக்கிறது. அதை எழுதியபோது அங்கிருந்த பெண்கள் இரண்டு திருத்தம் சொன்னார்கள். இரண்டும் சரி.

கரடி ஊருக்குள் வருவது பசியால்தானே? காட்டோரத்தில் பழமும் வெல்லமும் வைத்தால் வராதல்லவா?

நல்ல மனத்தோடு பலரும் கேட்பது இது. கர்நாடகத்தின் தரோஜியில் 1994இல் அமைந்த கரடிச் சரணாலயத்தில் வனத்துறையினர் பாறைகளில் வெல்லக் கலவை பூசுகிறார்கள். மாலையில் கரடிகள் வந்து நக்குவதைப் பார்வையாளர்கள் தொலைவிலிருந்து பார்க்கிறார்கள். அது சரணாலயத்துக்குள், துறையின் கையில் நடப்பது. நீலகிரியில் ஊர் எல்லையில் நீங்களோ நானோ வைத்தால், மனித வாசமும் இனிப்பும் சேர்ந்தே வரும் என்று கரடிக்குச் சொல்லிக்கொடுத்ததாகும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிகள் கோயில் கதவை உடைத்து விளக்கிலிருந்த எண்ணெயைக் குடித்ததும், சத்துணவு மையத்திலும் ரேஷன் கடையிலும் எண்ணெயைத் தேடியதும் செய்தித்தாளில் அடிக்கடி வருகின்றன. ஒருமுறை எண்ணெயின் சுவை கண்ட கரடிக்குக் கறையான் தலைகளைத் தேடிப் புற்றுப் புற்றாகப் போவது ஏன் என்று தோன்றுமோ என்பதுதான் எங்கள் பயம். ஒரு பாட்டில் எண்ணெயில் கிடைக்கும் சத்துக்கு எத்தனை புற்றைத் தோண்ட வேண்டியிருக்கும்!

ஆகவே வைக்காதீர்கள். எண்ணெயை இரவில் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். கோயிலில் விளக்கை அணைத்து எண்ணெய்க் கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டையொட்டிய பலாவைப் பழுக்க விடாமல் காயிலேயே இறக்குங்கள். குப்பையைத் திறந்து போடாதீர்கள். இது எதற்கும் ஆய்வு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வு தோற்றுப்போனால்?

தோற்ற மாதம் ஒன்று உண்டு. முதலாண்டு வடகிழக்குப் பருவமழையில் உலர்த்த வைத்திருந்த பத்தொன்பது பைகள் பூஞ்சை பிடித்துவிட்டன. அறையில் ஈரம் ஏறுவதை நான் கவனிக்கவில்லை. அந்த மாதக் கணக்கு எங்கள் பட்டியலில் காலியாக இருக்கிறது. கொடுத்த எல்லோருக்கும் அப்படியே எழுதினேன், பணத்தைத் திரும்பக் கேட்பவர்களுக்குத் தருவோம் என்றும் எழுதினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் தன் மாணவர்கள் சேர்த்ததென்று 340 ரூபாய் அனுப்பி, உலர்த்த ஒரு மின்விளக்குப் பெட்டி செய்துகொள்ளும்படி வரைபடமும் அனுப்பினார். அந்தப் பெட்டியில்தான் இப்போது உலர்த்துகிறோம்.

நானும் ஆய்வு மாணவி. இப்படி நிதி திரட்ட நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

அனுமதியிலிருந்து தொடங்குங்கள், பணத்திலிருந்து அல்ல. பணம் வந்து அனுமதி வராமல் போனால், கொடுத்தவர் முகத்தில் விழிக்க முடியாது. கேள்வியைச் சிறிதாக்குங்கள். 'கரடியைக் காப்போம்' என்று கேட்டால் பணம் வரலாம், ஆனால் ஆண்டு முடிவில் என்ன காட்டுவீர்கள்? 'இந்தச் சரிவில் கரடி ஜூன் மாதத்தில் என்ன தின்கிறது?' என்பதற்குப் பதில் சொல்ல முடியும். கேட்கும் தொகையில் களப் பணியாளரின் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள். நிதி வேண்டுகோளில் குட்டிக் கரடியின் படத்தைப் போட்டால் இரண்டு மடங்கு வரும் என்பார்கள். நீங்கள் படிக்கப் போவது குட்டியை அல்ல என்றால் போடாதீர்கள்.

எங்கள் தோட்டத்தில் கரடி எச்சம் கிடக்கிறது. எடுத்து அனுப்பட்டுமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள், கையால் தொடாதீர்கள். எடுப்பதற்கு எங்களுக்கு அனுமதி இருக்கிறது, உங்களுக்கு இல்லை; நோய்த்தொற்றும் வரலாம். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து மேலிருந்து ஒரு படம் எடுங்கள். தேதி, நேரம், அருகில் என்ன மரம், அந்த மரத்தில் பழம் இருக்கிறதா என்று எழுதுங்கள். எச்சம் இன்னும் ஈரமாக இருந்தால் படம்கூட எடுக்க நிற்க வேண்டாம். பேசிக்கொண்டே, சத்தம் கேட்கும்படி, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.